யானையையும் வைக்கோலையும் ஒரே கயித்துல கட்டுறது எப்படி?

கதை எழுத உக்காந்தா ஒண்ணுமே தோணலன்னு நிறைய பேர் சொல்றாங்க, அவங்களுக்கு நான் சொல்ற முதல் வழி, சம்பந்தமே இல்லாத ரெண்ட ஒரு சொல்லால சேர்க்கிறது, அதுக்கு வழிகாட்டி காளமேகப் புலவர்தான். 15-ஆம் நூற்றாண்டு ஆளு, வைக்கோலும் யானையும் ஒண்ணுன்னு ஒரு வெண்பாவுல பாடி வச்சிருக்காரு. யோசிச்சுப் பாருங்க, ரெண்டுக்கும் உருவத்துல ஏதாவது பொருத்தம் இருக்கா? ஆனா வைக்கோல வாரிக் களத்துல அடிப்பாங்க, யானை போர்க்களத்துல எதிரிய வாரி அடிக்கும், வைக்கோல் நெல்லுக் கோட்டையா கட்டுப்படும், யானை அரசனோட கோட்டைக்குள்ள போகும், அப்புறம் ரெண்டுக்குமே போர் உண்டு, ஒண்ணு வைக்கோல்போர், இன்னொண்ணு சண்டை. அவர் பாத்தது அதுங்க என்ன செய்யுது, அதுங்கள நாம என்ன செய்யுறோம்ங்கிறத.

சூட்சுமமே இங்கதான் இருக்கு. எப்படி இருக்குன்னு பாக்காதீங்க, வினைச்சொல்லப் பாருங்க. குறுந்தொகை 40-ஆம் பாட்டும் அப்படித்தான், செம்மண்ணுல விழுந்த மழையும் ரெண்டு பேரோட நெஞ்சும் "கலந்தன"ங்கிற ஒரே சொல்லுல சேருது. அந்த உவமையாலயே பாடினவருக்கு செம்புலப்பெயல்நீரார்னு பேரு வந்துருச்சு.

சரி, இப்ப நீங்க செய்ய வேண்டியது. ரெண்டு டப்பாவுல துண்டு சீட்டு போடுங்க, ஒண்ணுல கையால தொடக்கூடிய பொருள், இன்னொண்ணுல தொட முடியாதது, அதாவது கடன், பொறாமை, மறதி, இந்த மாதிரி. ரெண்டுலயும் ஒண்ணொண்ணு எடுங்க. புடிக்கலன்னு திரும்பப் போடக்கூடாது, புடிக்காத ஜோடிலதான் நல்ல கதை கிடைக்குது, இது என் அனுபவம்.

எனக்கு ஒரு தடவ குழாயும் கடனும் வந்துச்சு. பேப்பர நடுவுல மடிச்சு அஞ்சு நிமிஷம் வினைச்சொல் மட்டும் எழுதினேன். குழாய்: சொட்டும், ஒழுகும், துருப்பிடிக்கும், திறப்போம், அடைப்போம். கடன்: வாங்குவோம், ஏறும், மூழ்கடிக்கும், அடைப்போம். "அடைப்போம்" ரெண்டு பக்கமும் இருந்துச்சு!

முதல்ல தோணினது, ஊர் ஓட்டையெல்லாம் அடைக்கிற பிளம்பருக்கு சொந்தக் கடன அடைக்க முடியல. இத எழுதாதீங்க, முதல்ல வர்றது எல்லாருக்கும் வரும். அந்தச் சொல்ல வச்சே இன்னும் கொஞ்சம் நோண்டுங்க, ஒண்ணு நடந்தா இன்னொண்ணு நடக்காதுன்னு ஒரு நிலைமை வருமான்னு கேளுங்க. குழாய அடைச்சா கடன் அடையாது! அதனால அவன் ஒரு பாட்டி வீட்டுக் குழாய மட்டும் முழுசா சரி பண்ணாம விட்டுட்டு வர்றான், வாரா வாரம் கூப்பிடுவாங்க, அந்தக் கூலி வட்டிக்கு ஆகும்னு. பாட்டிக்கும் அது தெரியும், ஆனா வீட்டுக்குப் பேச ஒரு ஆள் வர்றான்ல.

பொதுவான சொல்லே கிடைக்கலன்னா ஒரு பக்கத்து வினைய எடுத்து அடுத்த பக்கம் போட்டுப் பாருங்க, "கடன் சொட்டுது"ன்னாலே ஒரு வீடு தெரியும்.

எழுதி முடிச்சதும் இணைப்ப விளக்குற வரிய தேடி வெட்டிருங்க. நான் "பாட்டிக்குத் தெரியும்"ங்கிறத வெட்டிட்டேன். அதுக்குப் பதிலா, அவங்க காலைலயே கூடுதலா பால் வாங்கி, ரெண்டு டம்ளர் கழுவி வச்சிட்டு, அப்புறமா அவனுக்கு போன் பண்றாங்க.