சின்ன உடம்புக்கு எந்த ரைஃபிள்?

நான் ஐந்தடி ஒரு அங்குலம். டெக்சாஸில் மான் வேட்டைக்குப் போன முதல் வருஷம், கணவரின் .30-06 தோட்டா போடும் ரைஃபிளைத்தான் தூக்கிக்கொண்டு போனேன். தோளில் பதியும் பின்கட்டை எனக்கு நீளம். கழுத்தை முன்னால் நீட்டித்தான் குறிபார்க்கும் ஸ்கோப்பைப் பார்க்க முடிந்தது. சுட்டதும் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் வந்து இடித்தது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அதனால் கடையில் எடையை அப்புறம் பாருங்கள். முதலில் ட்ரிகரிலிருந்து பின்கட்டையின் நுனி வரை அளவு கேளுங்கள். வழக்கமான ரைஃபிள்களில் 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். எனக்குப் பொருந்தியது 12.5. தோட்டா அறையை மூடும் போல்ட்டைத் திறந்து உள்ளே காலி என்று உறுதி செய்துகொண்டு, குளிர் ஜாக்கெட்டோடு, ஆளில்லாத திசையில் தோளில் வையுங்கள். கண்ணை மூடிக் கன்னத்தைப் பதித்துவிட்டுத் திறந்தால் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் அது உங்களுக்கானதல்ல. மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்.

இலேசானது என்று மயங்காதீர்கள். எடை குறையக் குறைய, சுடும்போது தோளில் விழும் உதை கூடும். ஸ்கோப்போடு 7 பவுண்டு, அதாவது 3.2 கிலோ, எனக்குச் சரியாக இருக்கிறது. குழல் 18 முதல் 20 அங்குலம் இருந்தால் இடது கை சீக்கிரம் சோராது.

தோட்டாவுக்கு .243 வின்செஸ்டர். அதே எடையுள்ள ரைஃபிளில் .308 தோட்டா தரும் உதையில் பாதிக்குச் சற்று மேல்தான். வெள்ளைவால் மானுக்குத் தாராளம். எல்க் என்ற பெரிய மான் அளவுக்கு மிருகம் என்றால் 7மிமீ-08 தோட்டா பாருங்கள்.

வளரும் பிள்ளைக்கு வாங்குகிறவர்கள் ஸ்பேசர் என்ற இடைத்துண்டு வைத்து நீட்டக்கூடிய பின்கட்டையாகக் கேளுங்கள்.