பிடிஎஃப்புக்குப் பூட்டு, கூடவே ஒரு கைரேகை

டியூஷன் பிள்ளைகளுக்கு நோட்ஸ் அனுப்புகிறீர்கள். அதை யாரும் வெட்டி ஒட்டித் தன் பெயரில் போடக்கூடாது. நடுவில் எவராவது ஒரு விடையை மாற்றிச் சுற்றவிட்டால் அதுவும் தெரிய வேண்டும். முதல் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருள், இரண்டாவதற்குச் செவன்-ஜிப் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள். இரண்டுமே இலவசம்.

லிப்ரே ஆபீஸில் கோப்பைத் திறந்து, ஃபைல் மெனுவில் 'எக்ஸ்போர்ட் ஆஸ்', அதற்குள் 'எக்ஸ்போர்ட் ஆஸ் பிடிஎஃப்' போங்கள். வரும் பெட்டியில் 'செக்யூரிட்டி' பகுதியில் 'செட் பாஸ்வேர்ட்ஸ்' என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் இரண்டு கடவுச்சொற்களுக்கு இடம் வரும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

'ஓபன் பாஸ்வேர்ட்' போட்டால் அது தெரியாமல் கோப்பே திறக்காது. இ-ஆதார் பிடிஎஃப் இந்த வகைதான்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறந்த வருடம். தெரிந்தவர்கள் யாரும் ஊகித்துவிடலாம் என்பதால் உங்கள் கோப்புக்கு அந்தப் பாணி வேண்டாம்.

'பெர்மிஷன் பாஸ்வேர்ட்' போட்டால் கோப்பு எல்லோருக்கும் திறக்கும். அச்சிடுவதையும் நகலெடுப்பதையும் மட்டும் தடுக்கலாம். நோட்ஸுக்கு இது போதும். போட்டதும் பக்கத்தில் உள்ள தேர்வுகள் உயிர்பெறும். அச்சிடுவதை 'நாட் பெர்மிட்டட்' ஆக்குங்கள், நகலெடுக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். 'அக்சஸபிலிட்டி' டிக்கை மட்டும் தொடாதீர்கள். திரையில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வேண்டும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டாவது பூட்டு வெறும் வேண்டுகோள்தான், படிக்கும் மென்பொருள் மதித்தால் உண்டு. ஆக்குலர் என்ற ரீடரின் அமைப்புகளிலேயே இந்தத் தடைகளை மதிக்க வேண்டுமா என்று ஒரு டிக் இருக்கிறது! எடுத்துவிட்டால் முடிந்தது கதை. ரகசியமான கோப்பென்றால் ஓபன் பாஸ்வேர்டுதான்.

சரி, கைரேகைக்கு வருவோம். கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணினி கணக்கிட்டுத் தரும் அடையாளக் குறிதான் அது; உள்ளே ஏதாவது மாறினால் அதுவும் மாறிவிடும். செவன்-ஜிப் நிறுவியபின் பிடிஎஃப்பின் மேல் ரைட் கிளிக் செய்து, 'சிஆர்சி எஸ்ஹெச்ஏ' பட்டியலில் 'எஸ்ஹெச்ஏ-256' என்ற கணக்கு முறையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11-இல் அது கண்ணில் படாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' அழுத்திப் பாருங்கள். எண்களும் ஏ முதல் எஃப் வரையுள்ள எழுத்துகளும் கலந்து 64 குறிகள் வரும். பட்டியலில் எஸ்ஹெச்ஏ-1 கூட இருக்கும், அதை விடுங்கள். 2017-இல் கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வுக்கூடமும் சேர்ந்து, ஒரே எஸ்ஹெச்ஏ-1 கைரேகை வரும் இரண்டு வேறு பிடிஎஃப்களை உருவாக்கிக் காட்டிவிட்டார்கள்.

அந்த 64 குறிகளைக் கோப்பு போகும் வழியிலேயே அனுப்பாதீர்கள். கோப்பு மெயிலில் போனால் இது வாட்ஸ்அப்பில் போகட்டும். வாங்கியவர் தன் கணினியில் இதேபோல் எடுத்து ஒப்பிட வேண்டும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் கைரேகை முழுக்க வேறாக வரும். கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் மாறாது.

நான் முதல்முறை செய்தபோது ஒப்பிட்டால் பொருந்தவே இல்லை. யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பதறினேன். பார்த்தால், கைரேகை எடுத்தபின் நானே அதே நோட்ஸை மறுபடி எக்ஸ்போர்ட் செய்து அனுப்பியிருந்தேன். உருவான நேரம் கோப்புக்குள் பதிவாவதால், ஒரு எழுத்தும் மாறாவிட்டாலும் அது புதுக் கோப்புதான். அதனால் பூட்டி முடித்த பிறகு, அனுப்பப்போகும் அதே கோப்பில் கைரேகை எடுங்கள்.