மாலை 5 மணிக்குக் கிளம்பி அன்று காலை 10 மணிக்கே இறங்கினால்

"டோக்கியோல சாயங்காலம் 5 மணிக்கு ஏறறேன், காலைல 10 மணிக்கு லாஸ் ஏஞ்சல்ஸ்ல இறங்கிடுவேன்" என்றான் நண்பன். காலை என்றால் மறுநாள்தானே? நானே முடிவுகட்டி, மறுநாள் விமான நிலையத்தில் போய் நின்றேன். அவனோ முந்தின நாளே வந்து, என்னைத் தேடிச் சலித்து, டாக்ஸி பிடித்துப் போயிருந்தான். அன்றிலிருந்து டிக்கெட்டில் உள்ள மணியை நான் அப்படியே நம்புவதில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவேன்.

முதலில் தூரம். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைக்காதீர்கள். உருண்டையைத் தாளில் விரித்தபோதே அளவு கெட்டுவிட்டது. ஒரு குளோபும் கொஞ்சம் நூலும் போதும். என்னுடையது 30 செ.மீ. விட்டம் உள்ளது. அதன் நடுக்கோட்டுச் சுற்றளவு 94 செ.மீ. பூமிக்கு அது ஏறக்குறைய 40,000 கி.மீ. ஆக, 1 செ.மீ. நூல் சுமார் 425 கி.மீ. டோக்கியோவுக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்தால் 21 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். அதாவது சுமார் 8,800 கி.மீ. இரண்டு நகரங்களும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில்தான் இருக்கின்றன. ஆனாலும் நூல் நேர் கிழக்கே போகாமல் 48 பாகை வரை வடக்கே ஏறி இறங்குவதைப் பாருங்கள். எனக்கு இது இன்னும் அலுக்கவில்லை. இணையத்தில் தூரம் தேடினால் அலகைக் கவனியுங்கள்: 4,750 என்று இருந்தால் அது கடல் மைல், 1.852-ஆல் பெருக்க வேண்டும்.

அடுத்தது நேரம். பெரிய ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கி.மீ. பறக்கும். 8,800-ஐ 900-ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போகவும் அரை மணி சேர்த்தால் பத்தேகால் மணி வரும். இதில் காற்றுதான் விளையாடும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று போகும்போது பின்னாலிருந்து தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். அதனால் போக 10 மணி என்றால், திரும்ப 11½ முதல் 12 மணி ஆகலாம். 2020 பிப்ரவரியில் இந்தக் காற்றின் தயவில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஒரு 747 விமானம் ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

சரி, இப்போது டிக்கெட். அதில் உள்ள ஒவ்வொரு மணியும் அந்தந்த ஊர்க் கடிகாரம். இரண்டையும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். டோக்கியோ 9 மணி முன்னால். மாலை 5 என்பது யுடிசி காலை 8. லாஸ் ஏஞ்சல்ஸ் குளிர்காலத்தில் 8 மணி பின்னால். காலை 10 என்பது யுடிசி மாலை 6. அதே தேதி என்றால் இடைவெளி 10 மணி, மறுநாள் என்றால் 34. நூல் சொன்னதோடு ஒத்துப்போகிறதா! கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் வைப்பார்கள், ஜப்பானில் அந்த வழக்கம் இல்லை. அப்போது 8-க்குப் பதில் 7.

கணக்கும் டிக்கெட்டும் மூன்று நான்கு மணி விலகினால் வழியைப் பாருங்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டபின், 9 மணி போலிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் 13 மணி வரை நீண்டது. நடுவில் இறங்கி ஏறும் டிக்கெட் என்றால் காத்திருப்பும் அந்த யுடிசி இடைவெளிக்குள் சேர்ந்தே வரும். அப்புறம், அழைத்துவரப் போகிறவரிடம் மணியோடு தேதியையும் சொல்லிவிடுங்கள்.