ஆற்றுமுகத்து ஊருக்கு வரலாறு எழுதும் முறை

ஊர் வரலாறு எழுத உட்காருபவர்கள் சேதுபதியிலிருந்தோ இராமாயணத்திலிருந்தோ தொடங்கிவிடுகிறார்கள். இராமநாதபுரம் கரையோரத்துக்கு அது ஒத்துவராது. இங்கே ஊர் எங்கே அமர்ந்தது, ஏன் இடம் மாறியது என்பதையெல்லாம் தண்ணீர்தான் தீர்மானித்திருக்கிறது. முதலில் ஆற்றைப் பிடியுங்கள்.

வைகை நேரே கடலுக்குப் போகும் ஆறு அல்ல. இராமநாதபுரம் பெரிய கண்மாயில் விழுந்து, அது நிறைந்தபின் மிஞ்சும் நீர்தான் ஆற்றங்கரை ஊர்ப்பக்கம் பாக் நீரிணையில் சேர்கிறது. குண்டாறு தெற்கே மூக்கையூர் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. ஆகவே உங்கள் வரைபடத்தில் ஆற்றை மட்டும் போட்டால் பாதிப் படம்தான். வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), கண்மாய், மடை, கலுங்கு (மிகுந்த நீர் வழியும் இடம்), ஊருணி எல்லாம் அதில் வரவேண்டும். கலுங்கு வழிந்த நீர் எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்று எழுதினாலே, பக்கத்து ஊர்களோடு இருந்த உறவும் சண்டையும் பாதி விளங்கிவிடும்.

ஆற்றை இரண்டு முறை நடந்து பார்க்கவேண்டும். ஆவணி, புரட்டாசியில் காய்ந்து கிடக்கும்போது ஒரு முறை, கார்த்திகையில் மழை இறங்கியபின் ஒரு முறை. ஒரே நடையில் எழுதியவர்கள் முகத்துவாரத்து மணல்திட்டை நிரந்தரம் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். திட்டு பருவத்துக்குப் பருவம் வளரும், உடையும். வாடைக் காற்றில் எப்படி இருக்கிறது, மேற்குப் பக்கக் காற்றான கச்சானில் எப்படி இருக்கிறது என்று கடலுக்குப் போகிறவர்களிடம் தனித்தனியாகக் கேளுங்கள்.

நல்ல தண்ணீர் எங்கே என்பதும் வரலாற்றுச் சான்றுதான். கடலோர மணல்மேட்டில் மழைநீர் உப்புநீருக்கு மேலே மிதந்து நிற்கும். சில அடி ஆழத்தில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். ஆசைப்பட்டு ஆழமாக்கினால் உப்பு ஏறிவிடும். பழைய குடியிருப்பைத் தேடுகிறவர்கள் இந்த ஊற்றுகளைச் சுற்றித் தேடவேண்டும். எந்த ஊற்று எந்த மாதம் வரை இனிக்கும் என்பது தண்ணீர் எடுக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்காமல் எழுதிய ஊர் வரலாறு குறையுடையது என்றே சொல்வோம்.

அடுத்தது நிலப் பதிவுகள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணும் என்ன நிலம் என்று சொல்லும் அ பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். அ பதிவேட்டில் புறம்போக்கு என்று வரும் ஒவ்வொரு புல எண்ணையும் தனியாக எழுதி, எது கண்மாய், எது ஓடை, எது நத்தம் (குடியிருப்பு நிலம்), எது மயானம் என்று வண்ணம் தீட்டுங்கள். இன்று வீடு நிற்கும் இடம் பதிவேட்டில் ஓடையாக இருந்தால் பழைய நீர்வழி கையில் கிடைத்தது. இதில் வழக்கமாக வரும் பிழை, பழைய புல எண்ணையும் புதிய எண்ணையும் குழப்புவது. பழைய பத்திரத்தில் உள்ள எண்ணை அப்படியே இன்றைய வரைபடத்தில் தேடினால் வேறொருவர் வயலில் போய் நிற்பீர்கள். அ பதிவேட்டில் இரண்டு எண்ணுக்கும் தனித்தனிக் கட்டம் உண்டு. அதைப் பார்த்துப் பொருத்திய பிறகே எழுதுங்கள்.

1910க்கு முந்தைய அரசு ஆவணம் வேண்டுமானால் மதுரை மாவட்டக் கோப்புகளில் தேடவேண்டும். இராமநாதபுரம் தனி மாவட்டமானது அந்த ஆண்டில்தான். 1985இல் சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தன. ஜமீன் ஊர்கள் 1948 ஒழிப்புச் சட்டத்தின் பிறகே ரயத்துவாரி, அதாவது உழவரிடம் அரசே நேரடியாக வரி வாங்கும் முறையின் கணக்குக்குள் வந்தன. சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு போனால் நாள் வீணாகாது.

கல்வெட்டு இருந்தால் சுண்ணாம்பு, எண்ணெய், மஞ்சள்தூள் எதையும் பூசாதீர்கள். இருட்டியபின் செல்போன் விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடித்து, இடம், வலம், மேல், கீழ் என நான்கு படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் மறையும் எழுத்து பக்க வெளிச்சத்தில் நிழல் விழுந்து எழும். திருப்பணியில் கற்களை இடம் மாற்றி அடுக்கியிருப்பார்கள். வரி பாதியில் அறுந்தால் பக்கத்துக் கல்லை மட்டுமல்ல, சுவர் முழுவதையும் பாருங்கள்.

ஆண்டுக் கணக்கில் கவனம் வேண்டும். கல்வெட்டில் சகம், அதாவது சக ஆண்டு என்றால் 78 கூட்டுங்கள். சகம் 1886 என்றால் 1964. அந்த ஆண்டு குரோதி. பக்கத்தில் எழுதியிருக்கும் தமிழ் வருஷமும் அதுவாக இருந்தால் கணக்கு சரி. தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் நம்பி இறங்காதீர்கள். 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்: 1904, 1964, 2024 மூன்றும் குரோதிதான். முஸ்லிம் அடக்கத்தலத்து மீஸான் கல்லில் உள்ள ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622 கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு வரும். ஹிஜ்ரி 1300 என்றால் 1883 அளவில். மாதாகோயிலில் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பங்குத்தந்தையிடம் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். ஒரே ஆண்டில் அடக்கம் திடீரென்று கூடியிருந்தால் கொள்ளைநோயோ பஞ்சமோ வந்திருக்கும்.

பெரியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது. "தனுஷ்கோடி புயலுக்கு முந்தியா பிந்தியா?" என்று கேளுங்கள். அந்தப் புயல் 1964 டிசம்பர் 22 இரவு, குரோதி மார்கழி. அதற்கு முந்தைய தலைமுறைக் கதைக்குப் பாம்பன் பாலம் திறந்த 1914, அதற்கும் முன்னால் தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 தொடங்கிய பஞ்சம்.

ஊர்ப்பெயரில் வலசை, ஏந்தல், பட்டினம், மடம், சத்திரம் எது வந்தாலும் அது துப்பு. பிரப்பன்வலசை போன்ற பெயர் குடிபெயர்ந்து வந்தவர்களைச் சொல்கிறது. ஏந்தல் என்பது சிறு நீர்நிலை. சத்திரமும் மடமும் இராமேசுவர யாத்திரை வழியைக் காட்டும். பெயருக்குப் புராண விளக்கம் சொன்னால் அதையும் எழுதுங்கள், ஆனால் ஊரார் சொல்வது என்று எழுதுங்கள்.

ஓட்டாஞ்சில்லு, அதாவது உடைந்த பானை ஓட்டு விஷயத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. வைகை முகத்தில் அழகன்குளத்தில் 1986 தொடங்கித் தொல்லியல் துறை பலமுறை அகழ்ந்து, ரோமானியக் காசும் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடும் கப்பல் கீறிய ஓடும் எடுத்தது. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் கிடைத்தது. அதனால் கரையில் பொறுக்கிய ஒவ்வொரு ஓட்டையும் துறைமுகச் சான்றாக்கத் தோன்றும். விளிம்பைத் தடவிப் பாருங்கள். கூழாங்கல்போல் மழுங்கியிருந்தால் அலை எங்கிருந்தோ உருட்டி வந்தது. கிணறு வெட்டிப் போட்ட மண்ணில், உடைந்த விளிம்பு கூராக, ஒரே பானையின் பல துண்டுகளாகக் கிடைத்தால் அது அந்த இடத்துக்கே உரியது. பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, புல எண்ணும் மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்பதும் குறித்து, தாசில்தாருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். நீங்களாகத் தோண்டக்கூடாது. மண் அடுக்கு ஒருமுறை கலைந்துவிட்டால் அந்த ஓட்டின் காலத்தை யாராலும் சொல்லமுடியாது.

எழுதும்போது ஒவ்வொரு செய்திக்கும் ஓரத்தில் அதன் புல எண்ணையோ கல்லையோ பதிவேட்டுப் பக்கத்தையோ சொன்னவர் ஊரையோ குறியுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன் வரைபடத்தைப் பள்ளிவாசல், கோயில், மாதாகோயில் மூன்றிலும் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். விடுபட்ட ஊருணியை யாராவது வந்து காட்டுவார்கள்.