நெல் நாற்றில் டிரான்ஸ்-ஸ்பிளைசிங் பார்ப்பது எப்படி?

தனித்தனியாகப் பிறந்த இரண்டு ஆர்என்ஏக்களிலிருந்து தேவையான பகுதிகளைச் செல் வெட்டி ஒட்டுவதே டிரான்ஸ்-ஸ்பிளைசிங். பாடநூல்கள் இதற்குப் புழுவையும் டிரிபனோசோம் என்ற ஒருசெல் ஒட்டுண்ணியையும் காட்டும். தஞ்சைப் பக்கத்துக் கல்லூரிக்குக் குறுவை நாற்றங்காலில் உள்ள ஆடுதுறை 43 நெல் ரக நாற்றே போதும்.

நெல்லின் பசுங்கணிகத்தில் ஆர்பிஎஸ்12 என்ற ரைபோசோம் புரத ஜீன் உடைந்து கிடக்கிறது. 114 பேஸ் நீள முதல் எக்ஸான் (இறுதி ஆர்என்ஏவில் தங்கும் பகுதி) ஓரிடம். மற்ற இரண்டு எக்ஸான்களும் பல்லாயிரம் பேஸ் தள்ளி. முதல், இரண்டாம் எக்ஸான்களுக்கு இடையிலுள்ள குரூப்-2 வகை இன்ட்ரானும் (வெட்டி எறியப்படும் பகுதி) இரு பாதி. அந்தப் பாதிகள் ஒன்றோடொன்று இணைந்து மடிந்தால்தான் எக்ஸான்கள் ஒட்டும்.

பிசிஆரில் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டுகளே பிரைமர்கள். முன் பிரைமரை முதல் எக்ஸானிலும் பின் பிரைமரை இரண்டாம் எக்ஸானிலும் அமையுங்கள். 200 முதல் 250 பேஸ் துண்டு கிடைக்கும்படி. மூன்றாம் எக்ஸானுக்குப் போகாதீர்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே உடையாத சாதாரண இன்ட்ரான் ஒன்று உண்டு. அது வெட்டப்படாத ஆர்என்ஏ பெரிய பட்டையாக வந்து குழப்பும்.

இலையை வயலில் நறுக்க வேண்டாம். 10 நாள் நாற்றை வேர்மண்ணோடு கொண்டுவந்து, ஓர் இரவு இருட்டில் வையுங்கள், மாவுச்சத்து குறையும். 100 மில்லிகிராம் இலையைத் திரவ நைட்ரஜனில் பொடியாக்கி, பொடி உருகுமுன் ஆர்என்ஏ பிரிக்கும் கரைசலான டிரைசால் 1 மில்லிலிட்டர், பிறகு 200 மைக்ரோலிட்டர் குளோரோபார்ம். 4 டிகிரியில் 12,000 ஜி, 15 நிமிடம். மேல்நீரில் கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட வேண்டாம். 500 மைக்ரோலிட்டர் ஐசோபுரோபனாலில் படியவைத்து 75% எத்தனாலில் கழுவுங்கள். ஜெல்லில் இரண்டுக்கு மேல் பட்டை வந்தால் ஆர்என்ஏ கெட்டுவிட்டதென்று கொட்டிவிடாதீர்கள். பச்சை இலையில் பசுங்கணிக ரைபோசோம் ஆர்என்ஏவும் சேர்ந்தே தெரியும்.

1 மைக்ரோகிராம் ஆர்என்ஏவை டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதியான டிஎன்ஏஸ் 1 யூனிட்டில் சுத்தம் செய்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் நொதியால் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) ஆக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: பழக்கத்தில், பாலி-ஏ வாலில் ஒட்டும் பிரைமரான ஒலிகோ-டிடி போட்டுவிடுவார்கள். பசுங்கணிக எம்ஆர்என்ஏவுக்கு நிலையான பாலி-ஏ வால் கிடையாது. ரேண்டம் ஹெக்ஸாமர் (எங்கும் ஒட்டும் ஆறு பேஸ் பிரைமர்கள்) அல்லது பின் பிரைமரையே போடுங்கள். பிசிஆர் 30 சுழற்சி, 2% அகரோஸ்.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத குழாய் கட்டாயம். வழக்கமாக அதில் பட்டை வந்தால் டிஎன்ஏ மிச்சம் என்போம். இங்கே அது பொருந்தாது, டிஎன்ஏவில் இரு எக்ஸான்களுக்கும் இடையிலுள்ள அவ்வளவு தூரத்தைச் சாதாரண பிசிஆர் தாண்டாது. பழைய பிசிஆர் பொருள் பிரைமரிலோ பிப்பெட்டிலோ கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். புதிய அலிக்வாட் (முன்பே பிரித்துவைத்த சிறு பங்கு) எடுங்கள். இலை டிஎன்ஏவிலும் இதே ஜோடியை ஓட்டுங்கள், பட்டை வரக்கூடாது. அந்த டிஎன்ஏ நல்லதுதானா என்று பார்க்க, இரண்டாம் எக்ஸானுக்குள்ளேயே அமைந்த வேறு ஜோடி.

பட்டை வந்ததும் முடிந்ததென்று எண்ண வேண்டாம். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் ஓர் ஆர்என்ஏவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போலி ஒட்டு உண்டாக்கும். அது பெரும்பாலும் இரண்டிலும் பொதுவான குட்டி வரிசையில் நிகழும். சீக்வென்ஸ் செய்து பாருங்கள்: முதல் எக்ஸானின் கடைசி பேஸை அடுத்து, இன்ட்ரானின் ஒரு பேஸ்கூட இல்லாமல், இரண்டாம் எக்ஸானின் முதல் பேஸ் நிற்க வேண்டும்.