சர்வாதிகாரியின் "நன்மைகள்": விவாதத்தில் எங்கே சறுக்குகிறோம்?

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலை மண்டபம். உயர்தர மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி. தலைப்பு: "சர்வாதிகார ஆட்சியால் நாடுகளுக்கு நிலைத்த நன்மை கிடைத்ததுண்டு." ஆதரிக்கும் அணியின் தலைவன் எழுந்ததும் சொன்ன முதல் வரி, "ஹிட்லர்தான் ஜேர்மனிக்கு அதிவேக வீதி போட்டவர்." எதிரணியில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒரு றோட்டிலேயே மூன்று நிமிடமும் ஓடி முடித்துவிட்டான்.

பல வருடமாகப் பிள்ளைகளுக்கு விவாதம் பழக்குகிறேன். இந்தத் தலைப்பு வந்தால் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பிள்ளைகள் மட்டுமில்லை. 2022இல் இலங்கையில் பெற்றோல் வரிசையில் நின்றபோது "இந்த நாட்டுக்கு ஒரு லீ குவான் யூ வேணும்" என்று பெரியவர்கள் கதைத்ததிலும் அதே சறுக்கல் இருந்தது.

திகதி பார்க்காத பேச்சுத்தான் முதல் தவறு. கொலோன் நகரையும் பொன் நகரையும் இணைத்த அதிவேக வீதி 1932 ஓகஸ்டிலேயே திறந்தாயிற்று. திறந்து வைத்தவர் கொலோன் மேயர் கொன்ராட் அடனவர். ஹிட்லர் பதவிக்கு வந்தது 1933 ஜனவரியில். வந்து இரண்டு மாதத்துக்குள் அடனவரின் மேயர் பதவி பறிபோனது. அந்த வீதிகளை ஹிட்லர் பெரிதாக நீட்டினார் என்பது உண்மை. ஆனால் யோசனையும் திட்டமும் அவருடையவை அல்ல. "வேலையில்லாத் திண்டாட்டத்தை ஒழித்தார்" என்பதும் இதே வகைதான். 1933 தொடக்கத்தில் அங்கே சுமார் 60 இலட்சம் பேருக்கு வேலை இல்லை. அரச வேலைத்திட்டங்களை முந்திய அரசாங்கங்களே தொடங்கியிருந்தன. அதற்குப் பிறகு ஆயுதத் தொழிற்சாலைகள் பெருகின, 1935இல் கட்டாய இராணுவ சேவை வந்தது, யூதர்களை வேலையிலிருந்து துரத்தி அந்த இடங்களில் வேறு ஆட்களைப் போட்டார்கள். பத்து வருடம் கழித்து அந்த நகரங்கள் கல்லும் மண்ணுமாகக் கிடந்தன.

பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த ஒரு வட்டை, அதாவது ஒரு வயல்வெளி, போதும். ஐப்பசியில் விதைத்தவர் வேறு. மாரி முழுக்க வரம்பில் நின்று தண்ணீர் பார்த்தவர் வேறு. தையில் வயலையும் தண்ணீரையும் மேற்பார்க்கப் புது வட்டை விதானை வருகிறார், மாசியில் வேளாண்மை வெட்டுகிறோம். அந்த விளைச்சலுக்காகப் புது விதானைக்கு மாலை போடுவோமா?

சரி, சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ. அவர் தேர்தலில் நின்று வென்றவர். அதே நேரம், எதிர்த்தவர்களை விசாரணையின்றி வருடக்கணக்காக அடைத்து வைத்ததும் அவருடைய அரசாங்கந்தான். அவரைச் சர்வாதிகாரி என்ற பெட்டிக்குள் போடலாமா என்பதே தனி விவாதம். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊழல் விசாரணைப் பணியகம் 1952இல், வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்தது. அதற்குப் பல்லுக் கொடுத்தவர் லீ. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

பெரிய பிழை வேறு இடத்தில் இருக்கிறது. வென்ற குதிரையை மட்டும் காட்டிப் பந்தயம் நல்லது என்கிறோம். பர்மாவின் நே வின்னையும் ஏன் யாரும் சொல்வதில்லை? 1962இல் ஆட்சியைப் பிடித்தார். கடைகளையும் ஆலைகளையும் அரசுடைமையாக்கினார். தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் உட்பட இலட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் கையில் இருந்ததோடு கப்பலேறினார்கள். 1987இல் ஒரு நாள் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார், மாற்றித் தரவும் இல்லை. புதிதாக வந்தவை 45, 90 கியாட் நோட்டுகள், ஒன்பதால் வகுபடும் எண்கள் என்பதற்காக. அதே வருடம் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒருவரின் கையில் எல்லாம் இருந்தால் சிங்கப்பூரும் வரலாம், இதுவும் வரலாம். எது வரும் என்று முதலே தெரியாது. பிழையாகப் போனால் மாற்றவும் முடியாது.

நம் வீட்டுக் கணக்கையும் மறக்கிறோம். 1931இல் எல்லோருக்கும் வாக்குரிமை. அந்த வாக்கில் தெரிவான அரசாங்க சபையில் கல்வி அமைச்சர் கன்னங்கரா வாதாடி, 1945இல் இலவசக் கல்வி. அந்த மண்டபத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் அந்தக் கல்வியில் வந்தவர்கள். அம்பாறையின் சேனநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளமும் தெரிவான அரசாங்கம் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் வந்தது. பெரிய அணைக்கு இரும்புக்கை வேண்டும் என்பவர்கள் அந்த அணை இருக்கும் இங்கினியாகலைக்கு ஒருமுறை போய்ப் பார்க்கலாம். கூடவே "யாருக்கு நன்மை?" என்றும் கேட்க வேண்டும். அந்தத் திட்டக் குடியேற்றங்களில் 1956இல் தமிழர்களுக்கு நடந்த கொடுமையைக் கிழக்கில் பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். தெரிவான அரசாங்கம் என்பதால் அந்தக் கேள்வி இல்லாமல் போய்விடாது.

தலைப்பில் இருக்கும் "நிலைத்த" என்ற சொல்லைத்தான் இரண்டு அணியும் தொடுவதே இல்லை. எனக்கு அதுதான் முழுத் தலைப்பும்.

லிபியாவின் டெர்னா நகருக்கு மேலே கடாபி காலத்தில், 1970களில், இரண்டு அணைகள் கட்டினார்கள். வெள்ளத்தைத் தடுக்க வந்த அணைகள். யாரும் அதை நன்மைப் பட்டியலில்தான் போடுவார்கள். 1998இல் அணைகளில் விரிசல்கள் கண்டுபிடிக்கப்பட்டன. திருத்த வேலை இழுபட்டு, கடைசியில் தொடங்கியும், 2011 சண்டையோடு நின்றது. அவருக்குப் பின் நாடு இரண்டு அரசாங்கமாகப் பிரிந்து கிடந்தது, யாரும் கவனிக்கவில்லை. 2023 செப்டம்பரில் புயல் மழைக்கு இரண்டு அணையும் ஒரே இரவில் உடைந்தன. வீடுகளோடு ஆட்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போனது வெள்ளம். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள்.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நம்மூர்ப் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தைத்தான், பெரும்போக விதைப்புக்கு முன் விவசாயிகளும் அதிகாரிகளும் கூடும் கூட்டத்தை, ஞாபகப்படுத்துவேன். ஒருமுறை போய்ப் பாருங்கள். அதிகாரிகள் முன்னால் வரிசையாக இருப்பார்கள். சாரத்தை மடித்துக் கட்டிய ஒரு போடியார், வயல் சொந்தக்காரர், எழும்பி, "போன வருசமும் சொன்னேன், அந்தத் துருசுக்கு (மதகுக்கு) பக்கத்தில குளக்கட்டு கசியுது, நீங்க வந்து பார்க்கவே இல்ல" என்று சத்தம் போடுவார். இன்னும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். பொறியியலாளருக்கு வியர்க்கும். அந்தச் சத்தம் எல்லாக் கசிவையும் அடைத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கட்டு நிற்பதில் சீமெந்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சத்தத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு. பயத்தில் வாய் மூடிய ஊரில் கசிவு தெரிந்தவன் தெரியாதவன்போல் இருப்பான். 1958இல் மாவோவின் சீனாவில் அதிகாரிகள் மேலிடத்துக்குப் பயந்து விளைச்சலைக் கூட்டிக் கூட்டி எழுதினார்கள். இல்லாத நெல்லுக்குக் கணக்குப் போட்டு இருந்த நெல்லை அரசு அள்ளிக்கொண்டு போனது. அடுத்த மூன்று வருடத்தில் பட்டினியால் செத்தவர்கள் ஒன்றரைக் கோடிக்குக் குறையாது. அப்படிப்பட்ட ஆட்சியின் புள்ளிவிபரத்தை விவாதத்தில் அப்படியே வாசிப்பதும் தவறுதான்.

எதிர்த்துப் பேசும் அணிக்கும் ஒரு சொல். எல்லாவற்றையும் மறுக்காதீர்கள். முசோலினி உரோமுக்குத் தெற்கே மலேரியாச் சதுப்பு நிலத்தை வடித்து மனிதர் குடியிருக்கச் செய்தது நடந்த விடயம். சுகார்ட்டோ காலத்தில் இந்தோனேசியா 1984இல் அரிசியில் தன்னிறைவு கண்டதும் உண்மை. ஒத்துக்கொண்டு மேலே போங்கள். மறுத்தால் நடுவர் உங்கள் மற்றப் பேச்சையும் நம்ப மாட்டார்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அன்றைய பயிற்சியில் அந்தப் பொடியன் தொகுப்புரையில், "சில உயிர்கள் போனாலும் நாடு முன்னேறியது" என்றான். தேநீர் கொண்டுவந்த அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருடைய அண்ணன் 1990இல் கூட்டிக்கொண்டு போகப்பட்டவர். அந்த வருடம் வந்தாறுமூலை அகதி முகாமில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனதும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதவர்களைக் கொன்றதும் அறியாத வீடு இங்கே இல்லை. பொடியனுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. எங்கேயோ கேட்ட வசனம், வாயில் வந்துவிட்டது.

"சில உயிர்கள்" என்று எங்கேயும் சொல்லாதீர்கள். எண்ணிக்கையைச் சொல்லுங்கள். இந்தோனேசியாவில் சுகார்ட்டோ அதிகாரத்தைப் பிடித்த 1965, 66இல் குறைந்தது ஐந்து இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பினோசேயின் சிலியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் ஆக்கப்பட்டார்கள். அப்புறம் கேளுங்கள்: அந்தக் கொலைகள் இல்லாமல் இந்தோனேசியாவின் அந்த நெல் விளைந்திருக்காதா? உயிரையும் நன்மையையும் தராசில் இரண்டு தட்டாக வைப்பவர் இதை மறைத்துவிடுகிறார். ஒன்றுக்கு மற்றது விலை என்று அவர் முதலில் நிரூபிக்க வேண்டும். நெல் விளைந்தது புது விதையாலும் பசளையாலும் வாய்க்காலாலும். சிலியில் வறுமை பெருமளவு குறைந்தது 1990க்குப் பிறகு, பினோசே இறங்கிய பின்னர்.

அடுத்த கிழமை அந்தப் பொடியன் ஹிட்லரை விட்டுவிட்டு வந்தான். அதே பக்கத்துக்குத்தான் பேசினான், சுகார்ட்டோவின் அரிசியை எடுத்து. ஆனால் முதல் நிமிடத்திலேயே ஐந்து இலட்சம் என்ற எண்ணைத் தானே சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. எதிரணி நெல்லைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டது. பதில் சொல்ல அவனுக்கு முழு இரண்டு நிமிடம் தேவைப்பட்டது.