தண்ணீரைக் கொட்டினால் மட்டும் ஏடிஸ் போகாது

'அதான் வோல்பாக்கியா கொசு விடுறாங்களே, இன்னும் எதுக்குப் பூச்சாடித் தட்டைக் கவிழ்க்கணும்?' மின்தூக்கி வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. சிங்கப்பூரின் தேசியச் சுற்றுப்புற வாரியம் 2016 முதல் விட்டுவருபவை ஆண் கொசுக்கள். ஆண் கொசு கடிக்காது. வோல்பாக்கியா பாக்டீரியா உள்ள ஆணோடு டெங்கியைப் பரப்பும் வட்டாரத்துப் பெண் ஏடிஸ் கொசு கூடினால், இடும் முட்டை பொரிக்காது. சங்கதி அவ்வளவுதான். உங்கள் வாளியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. போதாக்குறைக்கு, வீட்டில் பொரித்து வரும் சாதாரண ஆண்கள் விடப்பட்ட ஆண்களுக்குப் போட்டியாகிவிடும்.

ஏடிஸ் தண்ணீரில் முட்டையிடுவதைவிட, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான பக்கச்சுவரில் ஒட்டவைப்பதே வழக்கம். ஒரு மில்லிமீட்டர்கூட வராத கறுப்புப் புள்ளிகள், அழுக்கென்று விட்டுவிடுவோம். தண்ணீரைக் கொட்டி வெயிலில் காயவைத்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும்; நம் ஊர்ச் சூட்டில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பறக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் கொட்டுவதைவிடத் தேய்ப்பது முக்கியம்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், சோப்பு, டார்ச் விளக்கு இருந்தால் போதும். வாளியின் உட்புறத்தை, விளிம்புக்குக் கீழுள்ள வளையம் உட்பட, சுற்றி அழுத்தித் தேய்த்து அலசிக் கவிழ்த்து வையுங்கள். துளசித் தொட்டியின் அடித்தட்டை எடுத்தே விடுவது உத்தமம். எடுக்க மனமில்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டித் தேய்க்க வேண்டும். தொட்டி மண் இறுகிப் போயிருந்தால் மேலே தண்ணீர் தேங்கும். ஒரு பழைய முள்கரண்டியால் கிளறிவிடுங்கள்.

நம் வீடுகளில் பலரும் மறப்பது உருளி. பூ மிதக்கவிட்டால் அழகுதான், ஆனால் இதழ் வாடினால் மட்டும் பூவை மாற்றிவிட்டு, தண்ணீரை அப்படியே விடுவார்கள். பூவோடு தண்ணீரையும் மாற்றி, உருளியின் உள்விளிம்பைத் துடையுங்கள். பூசை அறைச் சொம்பு, மணி பிளான்ட் பாட்டில் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. பாட்டிலில் வளரும் செடியின் வேரையும் அலச வேண்டும், முட்டை அங்கேயும் ஒட்டும்.

பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடானால் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழி செருகும் குழாய்களைப் பாருங்கள். கழி இல்லாதபோது மூடி போட்டிருக்க வேண்டும். மழைநீர் தேங்க அதைவிட வசதியான இடம் கிடையாது. பாத்திர அலமாரியின் அடித்தட்டிலும் குளிர்சாதனத்தின் தண்ணீர்த் தட்டிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். நெளிந்து கீழே பாய்வது தெரிந்தால் அது கொசுப்புழு.

ஜூன் விடுமுறைக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகிறவர்கள் கழிவறைக் கோப்பையை மூடிவிட்டுப் போக வேண்டும். தரைத் துளைகளையும் கழிவறைத் தொட்டியின் வழிகுழாயையும் அடைத்து ஒட்டுங்கள். அடைக்க முடியாத இடத்தில் கொசுப்புழுவைக் கொல்லும் பிடிஐ மருந்து, பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுக்கு.

புளோக்கில் சிவப்புப் பதாகை வந்தால் அந்த வட்டாரத்தில் பத்துப் பேருக்கோ அதற்கு மேலோ டெங்கி என்று அர்த்தம். அப்போது கட்டிலுக்கடியிலும் திரைச்சீலைக்குப் பின்னாலும் மருந்தடியுங்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது, அதிலும் விடிந்த பிறகும் பொழுது சாயும் முன்பும் மும்முரமாகக் கடிக்கும். ராத்திரி கொசுவர்த்தியை மட்டும் நம்பினால் பலனில்லை.

யாருக்காவது காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். வலிக்குப் பாரசிட்டமால். கொசு விரட்டித் தைலத்தை மற்றவர்களுக்கு முன் காய்ச்சல்காரருக்குத் தடவுங்கள். அவரைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்குக் கிருமியைக் கொண்டுபோகும்.